பாங்கு போர்டு

செங்கல்பட்டு,
9-10-1973

அன்புள்ள தம்பி ஜம்புலிங்கத்துக்கு,

நானும் ரத்னாவும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நான் விசாரிக்க வேண்டியதில்லை, கண்ணாரப் பார்த்துவிட்டுத்தானே வந்தேன். சாந்தாவின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் அவள் அக்கா கேட்கச் சொன்னாள்.

ஆயுத பூஜைக்கு அழைத்தாய், இலை நிறையப் போட்டாய், கம்பெனி வேனிலேயே வீடு வரை கொண்டுவந்தும் விட்டாய். ஒரே வீட்டில் பெண் எடுத்த சகலைக்கு இதற்கு மேல் யாரும் செய்ய முடியாது. ஆனால் ஒன்று என் மனசை அரித்துக்கொண்டிருக்கிறது, கேட்டே விடுகிறேன்.

உன் இறால் கம்பெனி கேட்டில் ஒரு நீலப் பலகை தொங்குகிறதே, 'இங்குள்ள சரக்குகளும் இயந்திரங்களும் பாங்குக்கு அடமானம்' என்று வெள்ளை எழுத்தில். அதற்குச் சந்தனம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, ஐஸ் மிஷினுக்கும் முன்னால் அதற்குத்தான் கற்பூரம் காட்டினீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடன்பட்டிருக்கிறேன் என்று வாசலில் எழுதி மாட்டி அதற்கு மாலையும் போடுவார்களா என்று திரும்பிப் பார்த்தால், வந்திருந்த கூட்டம் முழுவதும் அந்தப் பலகையைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. நம் மாமனார் என் தோளைத் தட்டி, "பாத்தீங்களா மாப்ள, பாங்கே வந்து நம்ம புள்ள வாசல்ல காவல் நிக்குது" என்றார். மூத்த மாப்பிள்ளை நான் 'மாப்ள'. நீ 'நம்ம புள்ள'.

அறுபத்தேழில் மணிலாக்கொட்டை விலை சரிந்தபோது இந்த ஊரில் மூன்று எண்ணெய் மில் மூடினார்கள். மூன்றும் கடன் வாங்கின மில். என் மில் மட்டும் சுழன்றது, ஏனென்றால் நான் எவனுக்கும் பாக்கி இல்லை. இதை மாமாவிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவர் அதற்குள் பலகைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளப் போய்விட்டார்.

வரும் வழியெல்லாம் ரத்னா வேன் ஜன்னலில் ஒவ்வொரு கேட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டினதும், "நம்ம மில்லு கேட்டு இன்னா இப்டி மொட்டையா கீது" என்றாள். அன்றைக்குப் போன தூக்கம் இன்னும் திரும்பவில்லை.

அந்தப் பலகையை பாங்கு கொடுத்ததா, நீயே எழுதி மாட்டினதா?

குழந்தைகளுக்கு எங்கள் ஆசி.

வாசுதேவன்


கொக்கிலமேடு,
20-10-1973

மதிப்புக்குரிய அண்ணன் அவர்களுக்கு ஜம்புலிங்கம் வணக்கம்.

உங்கள் ஆசியால் இங்கே குறைவில்லை. சாந்தாவுக்கு இடுப்பு தேவலாம். அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்.

பலகை பாங்கு கொடுத்ததுதான் அண்ணே. அதை மாட்டவேண்டும் என்பது அவர்கள் சட்டம். முதலில் எனக்கும் கூச்சமாக இருந்தது. மாட்டின மறுநாளே மெட்ராஸ் ஏற்றுமதிக்காரர்கள் என்னை 'சார்' என்றார்கள். பாங்கே நம்பிப் பணம் போட்டிருக்கிற ஆள் என்று ஆகிவிட்டது. அதனால்தான் மாலை.

இப்போது காலம் நல்ல காலம். முன்பு கடன் கேட்டு நாம் செங்கல்பட்டுக்கு நடப்போம். இப்போது உங்கள் ஊர் பாங்கு ஏஜெண்டு என்னைத் தேடி ஜீப்பில் கடற்கரைக்கு வருகிறார். ஒரு டம்ளர் மோர் குடிப்பார். "இன்னும் எவ்வளவு வேண்டும், ஜம்புலிங்கம்?" என்பார். ஜப்பான்காரன் இறாலுக்கு விலை ஏற்றுகிறான். விலை ஏறினால் கிடங்கில் இருக்கிற சரக்கின் மதிப்பு ஏறுகிறது. மதிப்பு ஏறினால் அதன்மேல் கடன் கூடக் கொடுக்கிறார். அந்தப் பணத்தில் இன்னொரு மிஷின் வாங்கினால் அந்த மிஷின்மேலும் கடன் கொடுக்கிறார். இரண்டாவது குளிர் அறைக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டேன். சாந்தா டைரக்டர் என்ற முறையில் ரசத்தைக் கொதிக்கவிட்டு வந்து கையெழுத்துப் போட்டாள்.

நீங்கள் கைப்பணத்திலேயே காலம் தள்ளுகிறீர்கள். தப்பில்லை. ஆனால் காற்றடிக்கும்போது பாய் விரிக்காதவனைப் பார்த்தால் எங்கள் குப்பத்தில் சிரிப்பார்கள்.

ஏஜெண்டு உங்களைப் பற்றி இந்த வருஷ ஆரம்பத்தில் ஒன்று சொன்னார். கடிதத்தில் வேண்டாம், நேரில் சொல்கிறேன்.

தீபாவளிக்கு அக்காவுக்குப் புடவை அனுப்புகிறேன்.

தங்கள்
ஜம்புலிங்கம்


செங்கல்பட்டு,
17-1-1974

அன்புள்ள ஜம்புவுக்கு,

பொங்கல் நல்லபடியாகக் கழிந்தது என்றுதான் எழுதவேண்டும். எழுதிவிட்டேன். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான்.

செய்யூரில் நம் மாமனார் வீட்டுக்கு வந்திருந்த அந்தச் சவுக்கு வியாபாரியிடம் மாமா நம்மை அறிமுகம் செய்ததை நீ கவனித்தாயா? உன் முதுகில் கை வைத்து, "இவரு சின்ன மாப்ள. ஜப்பான் வரைக்கும் யாவாரம். பாங்கு இவரு கையில" என்றார். அந்த ஆள் எழுந்து நின்றே விட்டான். பிறகு என் பக்கம் திரும்பி, "இவரு பெரியவரு. எண்ணெ ஆட்றாரு" என்றார். அவன் உட்கார்ந்தான்.

எண்ணெய் ஆட்டுகிறேனாம்! என் அப்பா கருவாட்டுக் கூடையோடு இந்த ஊருக்கு வந்தவர். நான் ஒற்றை ஆளாக ஒரு எக்ஸ்பெல்லர் மிஷின் போட்டு, அதை பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக்கி, ரத்னாவை டைரக்டராக்கி வைத்திருக்கிறேன். பத்து வருஷ உழைப்புக்கு எண்ணெய் ஆட்டுகிறேன் என்று பெயர்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். நானும் பாங்குக்குப் போகிறேன். இரண்டாவது எக்ஸ்பெல்லர் ஒன்று, மணிலா வாங்கி அடுக்கப் பெரிய கிடங்கு ஒன்று. கருங்குழிச் சந்தையில் வாரத்துக்கு வாரம் விலை ஏறுகிறது. இன்று வாங்கி அடுக்கினால் ஆடியில் தங்கம். பாங்கு வட்டியெல்லாம் அந்த ஏற்றத்தில் கரைந்துபோகும். கணக்கு சரியாக இருக்கிறது. கணக்குக்காகத்தான் வாங்குகிறேன் என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். உன்மேல் எனக்குப் பொறாமை என்கிறாள் ரத்னா. இருந்துவிட்டுப் போகட்டும். அது இல்லாதவன் வியாபாரத்துக்கு ஏன் வருகிறான்?

ஏஜெண்டு என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று செய்யூரில் கேட்டேன். குழந்தை அழுகிறது என்று நழுவிவிட்டாய். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

சாந்தாவுக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

வாசுதேவன்


கொக்கிலமேடு,
4-2-1974

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

எல்லோரும் நலமாக இருக்கிறோம். உங்கள் இருமல் குறைந்ததா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இப்போது கடன் வேண்டாம் அண்ணே. உங்கள் மில் இருக்கிறபடியே இருக்கட்டும். ஒரு வருஷம் பொறுங்கள்.

பெட்ரோல் விலை எகிறினதிலிருந்து வெளிநாட்டில் எல்லோரும் கையை மடக்கிக்கொள்கிறார்கள். மெட்ராஸிலிருந்து தினம் வந்த தந்தி இப்போது வாரத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். இதெல்லாம் மெல்ல நம் பக்கமும் வரும். இப்போது ஜீப்பில் வருகிற ஏஜெண்டு அப்போதும் வருவார், ஆனால் மோர் குடிக்க வரமாட்டார். விலை ஏறும்போது கொடுத்த கடனை விலை இறங்கும்போது திருப்பிக் கேட்பார்கள். நம்மால் அப்போதுதான் முடியாது.

இதைச் சொல்ல நான் யார் என்று நீங்கள் கேட்கலாம். என் பலகைக்கு நான் மாலை போட்டவன்தான். இருந்தாலும் சொல்கிறேன்.

மேற்கொண்டு எழுத இப்போது நேரமில்லை. அக்காவுக்கு வணக்கம்.

தங்கள்
ஜம்புலிங்கம்


செங்கல்பட்டு,
18-4-1974

தம்பி ஜம்புவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். என் இருமல் போய்விட்டது.

உன் பிப்ரவரிக் கடிதத்துக்கு இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை என்று சாந்தா குறைப்பட்டாளாம். பதில் என் மில் கேட்டில் தொங்குகிறது. வந்து படித்துக்கொள்.

உன் பலகையைவிட ஒரு சாண் அகலம். பாங்கு கொடுத்த அளவு போதாது என்று நானே தச்சனை வைத்துத் தேக்கில் செய்தேன். சித்திரை முதல் தேதி மாலை போட்டுக் கற்பூரம் காட்டினோம். மாமா வந்திருந்தார், பலகைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். ரத்னா பட்டுப்புடவையில் கையெழுத்துப் போட்டாள், அடுப்பங்கரையில் அல்ல, கூடத்தில். எல்லோரும் இருந்தார்கள், நீ மட்டும் இல்லை. காய்ச்சல் என்று சாந்தாவிடம் சொல்லி அனுப்பினாய். மாமா, "இன்னா ஜம்புவக் காணும்" என்று மூன்று முறை கேட்டார். எனக்குக் காரணம் தெரியும்.

வெளிப்படையாகவே பேசுவோம். ஊருக்கெல்லாம் 'காற்றடிக்கும்போது பாய் விரி' என்றவன், நான் விரிக்கப் போனதும் 'ஒரு வருஷம் பொறு' என்கிறாய். குடும்பத்தில் ஒரே பலகை இருந்தவரை உனக்கு நிம்மதி. இரண்டாவது வந்தால் வயிறு எரிகிறது. எரியட்டும் ஜம்பு. எனக்கு ஆறு மாதம் எரிந்தது, உனக்கும் கொஞ்சம் எரியட்டும்.

காய்ச்சலுக்குக் கஞ்சி குடி.

வாசுதேவன்


கொக்கிலமேடு,
2-8-1974

அண்ணனுக்கு வணக்கம். இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

வட்டியை ஏற்றிவிட்டார்கள் என்று பேப்பரில் பார்த்திருப்பீர்கள். கையிலிருக்கும் மணிலாவை இப்போதே விற்றுவிடுங்கள். விலை இன்னும் ஏறும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பலகை பார்த்தேன், பஸ்ஸில் போகும்போது. நன்றாக இருக்கிறது.

ஜம்புலிங்கம்


செங்கல்பட்டு,
8-11-1974

ஜம்புவுக்கு,

தீபாவளி நெருங்குகிறது, சௌக்கியமாக இரு.

கார்டில் நாலு வரி எழுதினாய். அதில் மூன்று வரி எனக்குப் புத்திமதி. நல்லவேளை கேட்கவில்லை. நீ விற்கச் சொன்ன நாளிலிருந்து மூட்டைக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சந்தையில் கேட்டுப் பார். உன் பேச்சைக் கேட்டிருந்தால் அந்தப் பணம் எவனோ ஒருவனுடைய மடியில் போயிருக்கும்.

ஏஜெண்டு மட்டும் கொஞ்சம் மாறித்தான் இருக்கிறார். ரிசர்வ் பாங்கு உத்தரவாம், மணிலாமேல் கொடுத்த கடனையெல்லாம் குறைக்கவேண்டுமாம். முன்பு "இன்னும் எவ்வளவு வேண்டும்" என்றவர் இப்போது "எவ்வளவு கட்டப் போகிறீர்கள்" என்கிறார். தை வரை பொறுங்கள், விலை இன்னும் ஏறும், மொத்தமாக அடைத்துவிடுகிறேன் என்றேன். மோர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

நான் இதை எழுதுவது அதற்காக அல்ல. நம் பார்வதம் அத்தை மாமல்லபுரம் போய்விட்டு உங்கள் வழியாகத் திரும்பினாள். உன் கம்பெனி கேட்டில் பலகை இல்லை என்றாள். "ஆணி அடிச்ச ஓட்டைதான் கீது. அவுரு மட்டும் அதே நாற்காலியில குந்திகினு கீறாரு" என்றாள். நான் நம்பவில்லை. ஆள் விட்டுப் பார்த்தேன். உண்மை.

அப்படியானால் நீ கடனை அடைத்துவிட்டாய்! நாடெல்லாம் பணத்துக்குத் திண்டாடும்போது நீ மொத்தத்தையும் அடைத்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய். நான் பலகை வாங்குகிறவரை பலகை பெருமை. நான் வாங்கினதும் பலகை இல்லாததுதான் பெருமையா? ஒரு அடி எடுத்துவைத்து உன் பக்கத்தில் வந்து நின்றால் நீ எப்போதும் ஒரு அடி முன்னால் போய்விடுகிறாய். எப்படி ஜம்பு? எந்த மகராசன் கொடுத்தான்? சொல்லு, நானும் தெரிந்துகொள்கிறேன்.

சாந்தா ஏன் தன் அக்காவுக்குக்கூட இதைச் சொல்லவில்லை என்று ரத்னா அழுதாள்.

வாசுதேவன்


செங்கல்பட்டு,
5-3-1975

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் சாந்தாவும் பிள்ளைகளும் நன்றாக இருக்கவேண்டும்.

நவம்பரில் எழுதினதற்கு நீ பதில் போடவில்லை. போட்டிருந்தாலும் கோபத்தில்தான் படித்திருப்பேன். இப்போது கோபத்துக்கெல்லாம் தெம்பு இல்லை.

மணிலா விழுந்துவிட்டது. எல்லாப் பக்கமும் நல்ல விளைச்சலாம், பணம் வைத்திருக்கிறவன் ஒருவனும் இல்லையாம். அச்சரப்பாக்கத்தில் ஏலம் கேட்க ஆள் இல்லாமல் மூட்டையைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போகிறார்கள். என் கிடங்கு நிறைய இருக்கிறது, எல்லாம் உச்ச விலையில் வாங்கினது. மொத்தத்தையும் விற்றாலும் கடனில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். விற்கவும் முடியாது. போன வாரம் பாங்கு ஆட்கள் வந்து கிடங்கைப் பூட்டிவிட்டார்கள். கிடங்குக் கதவில் பூட்டைத் தொங்கவிட வாகாக இடம் இல்லாமல் கேட்டிலேயே, என் தேக்குப் பலகைக்குப் பக்கத்தில், ஒரு கொக்கி அடித்தார்கள். விலை இறங்கின அளவுக்குப் பணம் கட்டினால் பூட்டைத் திறந்து விற்கவிடுவார்களாம். இல்லாவிட்டால் சித்திரைக்கு அப்புறம் மில்லையும் சேர்த்து ஏலம். பேப்பரில் வரும். டைரக்டர் என்று ரத்னா பெயரும் வரும். அவள் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

மாமாவிடம் போக முடியாது. அங்கே போனால் உன்னைப் பற்றிப் பேசுவார். அதைக் கேட்க இப்போது என்னால் முடியாது. மில் போனால் அப்பாவின் கருவாட்டுக் கூடையிலிருந்து மறுபடியும் ஆரம்பிக்கவேண்டியதுதான். அதைக்கூடச் செய்துவிடுவேன். நான் கூடையோடு போவதை நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பாய் என்பதுதான் தாங்கவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

போன வருஷம் பிப்ரவரியில் நீ வேண்டாம் என்றாயே, உனக்கு எப்படித் தெரிந்தது? அதை மட்டுமாவது சொல்லு.

வாசுதேவன்


கொக்கிலமேடு,
15-3-1975

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

அக்காவைத் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள். இருமலுக்கு மிளகு போட்டுப் பால் குடியுங்கள்.

எனக்குத் தெரிந்ததற்குக் காரணம், எனக்கு முன்னாலேயே நடந்துவிட்டது. உங்களுக்கு அந்தக் கடிதம் எழுதின வாரம்தான் ஜப்பான் ஆர்டர் ரத்தானது. இரண்டாவது குளிர் அறை பாதிக் கட்டடத்தில் நின்றது. முதல் அறையில் இருந்த இறாலை வந்த விலைக்குத் தள்ளினேன். கடற்கரையோரம் எங்கள் அப்பாவின் தென்னந்தோப்பை ஓட்டல் கட்டுகிறவர்களுக்கு விற்றேன். அதிலும் கடன் தீரவில்லை. ஜூலையில் கம்பெனியையே மெட்ராஸ்காரர்களுக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன். கடனை அடைத்ததும் அவர்கள்தான். நான் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நிஜம். இப்போது அங்கே நான் சம்பளத்துக்கு மேனேஜர். பார்வதம் அத்தைக்கு நாற்காலிதானே தெரியும்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அவ்வளவு பேசிவிட்டு எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? மாமா வரும்போதெல்லாம் சாந்தா வெளியே சிரித்துக்கொண்டு நிற்பாள். அக்காவுக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினதும் அவள்தான். பலகை எங்கே என்றால், வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகப் போட்டிருக்கிறாள், எழுத்து உள்பக்கமாக.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எழுபத்துமூன்று ஜனவரியில் ஏஜெண்டு முதல் தடவை என்னிடம் வந்தார். கடனெல்லாம் எனக்கு வேண்டாம் என்றேன். "உங்கள் சகலை வாசுதேவன் விண்ணப்ப பாரம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாரே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். அப்போதெல்லாம் செய்யூருக்குப் போனால் மாமா எனக்குச் சொல்வது ஒரே பேச்சு. "பெரிய மாப்ளயப் பாரு, ஒர்த்தனுக்கும் தலகுனியாம மில்லு நடத்திகினு கீறாரு. நீ இன்னா பண்ணிகினு கீற?" உங்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடன் இல்லாமலே இப்படி, கடனும் வாங்கினால் இந்த ஆளை எட்டிப் பிடிக்கவே முடியாது என்று அன்றைக்கே கையெழுத்துப் போட்டேன். நீங்கள் பாரமே வாங்கவில்லை என்பது உங்கள் முதல் கடிதத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது. அதைத்தான் நேரில் சொல்கிறேன் என்று சொல்லிச் சொல்லி நழுவினேன்.

கம்பெனியை எழுதிக்கொடுத்தபோது கொஞ்சம் மிஞ்சியது. சொந்தமாக ஒரு சின்ன ஐஸ் பிளாண்டு போடலாம் என்று வைத்திருந்தேன். அதைச் சாந்தாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். பாங்குக்குக் கட்டிப் பூட்டைத் திறக்கப் போதும். முடிகிறபோது கொடுங்கள். எனக்கு வட்டி வேண்டாம், கேட்டில் பலகையும் வேண்டாம்.

தங்கள்
ஜம்புலிங்கம்


செங்கல்பட்டு,
20-9-1976

அன்புள்ள தம்பி ஜம்புவுக்கு,

ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் எழுதுகிறேன். நாங்கள் நலம். நீங்கள் நலம் என்று பெண்கள் மூலம் தெரிந்துகொண்டுதான் இருந்தேன்.

அன்றைக்குச் சாந்தா பணத்தைக் கொண்டுவந்து வைத்தபோது வாங்கிக்கொண்டேன். உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் நன்றி என்று எழுதவேண்டி வரும். எழுத உட்காரும்போதெல்லாம், தோற்றுப்போவதிலும் இவன் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, திரும்பி வந்து என் கையைப் பிடிக்கிறானே என்று எரிச்சல்தான் வந்தது. நன்றி வரவில்லை. மாமாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இப்போது உன்னை 'நம்ம புள்ள' என்றுகூடச் சொல்வதில்லை, 'எங்க ஜம்பு' என்கிறார். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பூட்டு திறந்து, மணிலாவை நஷ்டத்துக்கு விற்று, புது எக்ஸ்பெல்லரை அச்சரப்பாக்கத்துக்காரன் ஒருவனுக்குக் கொடுத்து பாங்குக் கடனை முடித்தேன். பழைய எக்ஸ்பெல்லர் ஓடுகிறது. உன் பணத்தில் கடைசிப் பாகத்தை இத்துடன் ரத்னாவிடம் கொடுத்தனுப்புகிறேன். பலகையைக் கழற்றி, உன் வீட்டில் போல் தண்ணீர்த் தொட்டிக்குப் போடலாம் என்று பார்த்தோம். ஒரு சாண் பெரிசாகப் போய்விட்டது. எதற்கும் பொருந்தாமல் சுவரில் சாய்ந்திருக்கிறது.

இப்போது எழுதக் காரணம் வேறு. மறுபடியும் பணம் புழங்க ஆரம்பித்துவிட்டது. பாங்குகளில் போடுகிறவர்கள் கூட்டமாம், வாங்குகிறவன்தான் இல்லையாம். புது ஏஜெண்டு, சின்ன வயசு, ஸ்கூட்டரில் வருகிறார். நேற்று மில்லுக்கு வந்தார், மோர் கேட்டு வாங்கிக் குடித்தார். வேண்டாம் என்றேன். எழுந்து போகும்போது, "உங்கள் சகலை ஜம்புலிங்கம் ஐஸ் பிளாண்டுக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டாரே" என்றார்.

பழைய ஏஜெண்டு உன்னிடம் சொன்ன அதே பொய்தான் இது. எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் ராத்திரி தூக்கம் வரவில்லை. ரத்னா, "மறுபடியுமா? போதும், கம்னு படு" என்றாள்.

படுத்தும் பார்த்தேன் ஜம்பு, முடியவில்லை. உண்மையைச் சொல்லு. கையெழுத்துப் போட்டுவிட்டாயா?

வாசுதேவன்


கொக்கிலமேடு,
24-9-1976

மதிப்புக்குரிய அண்ணனுக்கு வணக்கம். இங்கே நலம். பணம் அக்கா மூலம் வந்து சேர்ந்தது.

ஸ்கூட்டர் ஏஜெண்டு இங்கேயும் வந்தார். நீங்கள் இரண்டாவது எக்ஸ்பெல்லருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார். நான் நம்பவில்லை. நம்பவில்லை என்றாலும் ஒரு பாரம் வாங்கி வைத்துக்கொண்டேன். இன்னும் எதுவும் எழுதவில்லை. தினம் எடுத்துப் பார்க்கிறேன்.

நீங்கள் போட்டுவிட்டீர்களா?

ஜம்புலிங்கம்


செங்கல்பட்டு,
27-9-1976

அன்புள்ள ஜம்பு,

நான் போடவில்லை. ஆனால் நானும் ஒரு பாரம் வாங்கித்தான் வைத்திருக்கிறேன். போன கடிதத்தில் அதை மட்டும் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ரத்னா வருகிறாள். என் பாரத்தை அவளிடம் கொடுத்தனுப்புகிறேன், அது சாந்தாவிடம் இருக்கட்டும். உன் பாரத்தை ரத்னாவிடம் கொடுத்துவிடு. கம்பெனி டைரக்டர்கள் என்று இரண்டு பேரையும் இத்தனை வருஷம் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிட்டோம். இனி இரண்டு பேரும் பேசி முடிவு செய்து, வேண்டுமென்றால் திருப்பித் தரட்டும்.

என் விஷயத்தில் நீ கவலைப்படாதே. நீ போடாதவரை நானும் போடமாட்டேன். இதற்குச் சத்தியமெல்லாம் கேட்காதே. என் பொறாமையைப் பற்றி உனக்குத் தெரியும், அதை நம்பு.

சாந்தாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஆசி. நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
வாசுதேவன்